கேட்டுப் பார்த்தால்தான் குறையும்: கடைக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சந்தையால் வந்து பையைக் கொட்டும்போது, "இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானா?" என்ற கேள்வி இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. அதற்குப் பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்தாலும், ஏறின விலை பழைய இடத்துக்கு வரவில்லை. வருமானத்தைக் கூட்டுவது நம் கையில் இல்லை. ஆனால் கடையில் வாயைத் திறந்து "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்பது நம் கையில்தான் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், எங்கே கேட்காமல் விடவேண்டும் என்று தெரிந்தால் போதும். மட்டக்களப்புப் பக்கம் புளியந்தீவு, காத்தான்குடி, ஏறாவூர், அங்கால கல்முனை என்று நாம் ஏறி இறங்குகிற கடைகளை மனதில் வைத்து எழுதியவை இவை.

1. உடுப்பு, சப்பாத்து, தளபாடம், பெயின்ற், மின்சாதனம், நகைக்கூலி: இவற்றில் குறைக்க இடம் இருக்கும், தாராளமாகக் கேளுங்க. சீனி, பருப்பு, பால்மா விற்கிற மூலைக்கடைக்காரருக்கு ஒரு கிலோவில் மிஞ்சுவதே சில ரூபாய்தான். அங்கே நின்று மல்லுக்கட்டினால் நேரம் போவதுதான் மிச்சம்.

2. பெரிய சாமான் வாங்குமுன் இரண்டு கடையிலாவது விலை விசாரித்து, மொடல் இலக்கத்தோடு துண்டில் எழுதிக்கொண்டு போங்க. "அங்க இவ்வளவுக்குத் தாறாங்க" என்று சொல்வதானால் உண்மையாக இருக்கவேண்டும். மற்றக் கடை விலை முதலாளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

3. பொதியில் அச்சிட்ட உயர்ந்தபட்ச சில்லறை விலைக்கு மேலே விற்றால்தான் குற்றம், கீழே விற்கத் தடையில்லை. மொத்தக் கடைகளில் சோப், சம்பூ, பிஸ்கட், நூடில்ஸ் எல்லாம் பெட்டியாக எடுத்தால் அச்சிட்ட விலையிலும் குறைத்துத் தருவார்கள். ஆனால் கேட்டால்தான்.

4. கிழமை நாளில், கடை திறந்த கையோடு போங்க. அன்றைய முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனம் வராது. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் இரவு, சனம் நெரியும்போது கழிவு கேட்டால் யார் காதில் விழும்?

5. வெள்ளிக்கிழமை காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் போவதானால் ஜும்மா நேரத்தைக் கணக்கில் எடுங்க. நண்பகலில் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். பூட்டுகிற அவசரத்தில் பேரம் பேசவும் முடியாது, நிதானமாகப் பார்க்கவும் முடியாது. காலையில் போங்க, இல்லாவிட்டால் அஸருக்குப் பிறகு போங்க.

6. புடவைக்கடைப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:
"காக்கா, இந்தச் சாறி என்ன விலை?"
"நாலாயிரத்து எண்ணூறு, தங்கச்சி."
"ரெண்டு எடுக்கப்போறன். பார்த்துச் சொல்லுங்க."
"ரெண்டுக்கும் ஒன்பதாயிரம் தாங்க."
இந்த இடத்தில் உடனே பதில் சொல்லாதீங்க. முந்தானையை விரித்து, கரையைத் திருப்பி, உள்பக்க நூலைப் பாருங்க. பிறகு, "எட்டாயிரத்து ஐந்நூறு போடுங்க காக்கா, கைக்காசு" என்று சொல்லுங்க. "சரி, எட்டாயிரத்து எழுநூறு, அதுக்குக் கீழ கட்டாது" என்று வந்தால் எடுத்துக்கொள்ளுங்க. குரல் உயராமல், முகம் சுளிக்காமல் 900 ரூபாய் மிச்சம்.

7. நாம் கேட்ட விலைக்கே "சரி, தாறன்" என்று சொன்ன பிறகு வாங்காமல் எழும்பி வரக்கூடாது. வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் விலை கேளாமல் பார்த்துவிட்டு வரலாம். ஒருமுறை அப்படி எழும்பி வந்தால் அந்தக் கடையில் அடுத்த முறை நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

8. "இதென்ன சாயம் போற துணி!" என்று சாமானைக் குறை சொல்லி விலை குறைக்கப் பார்க்காதீங்க, அது ஆளைக் கோபப்படுத்தும். உண்மையாகவே பொத்தான் ஒன்று இல்லை, தையல் பிரிந்திருக்கு, ஒரு கீறல் இருக்கு என்றால் விரலால் காட்டி, "இதுக்கு என்ன குறைப்பீங்க?" என்று மெதுவாகக் கேளுங்க. வீட்டில் பத்து நிமிடத்தில் தைக்கக்கூடிய குறைக்கு நல்ல கழிவு கிடைக்கும்.

9. "ஒரே விலை" என்று பலகை தொங்குகிற கடையில் விலையைத் தொடாதீங்க. சாறிக்குக் கரை அடித்துத் தருவது, திரைச்சீலைக்கு மடித்துத் தைப்பது, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவது என்று வேறு ஏதாவது கேளுங்க. விலையில் இறங்காத முதலாளி இதில் இறங்குவார்.

10. "50 வீதக் கழிவு, அதற்கு மேல் இன்னும் 20 வீதம்" என்றால் 70 வீதம் அல்ல. ஆயிரம் ரூபாய்ச் சாமான் முதலில் ஐந்நூறாகும், அந்த ஐந்நூறில் 20 வீதம் போய் நானூறாகும். ஆகவே உண்மையான கழிவு 60 வீதம்.

11. மூன்று எடுத்தால் ஒன்று சும்மா என்பது ஒவ்வொன்றிலும் 25 வீதக் கழிவுதான். வீட்டில் ஒன்றுதான் தேவையென்றால் அது செலவு. அடுத்த வீட்டாரோடு பங்கு போடுவதானால் மட்டும் எடுங்க.

12. வெட்டித் தருகிற துணிக்கு விலை கேட்கும்போது மீற்றருக்கா, யாருக்கா என்று கேளுங்க. ஒரு யார் 91 சென்ரிமீற்றர்தான். ஆறு யார் எடுக்கிற இடத்தில் அரை மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும்.

13. கைத்தறிச் சாரம், சாறி, படுக்கை விரிப்பு தேவையென்றால் பெரியநீலாவணை தாண்டி மருதமுனைக்கே போங்க. நெய்கிற இடத்தில் எடுத்தால் இடையில் நிற்கிறவரின் லாபம் மிஞ்சும், நிறமும் சொல்லி நெய்விக்கலாம். கல்யாணம், சாமத்தியச் சடங்கு என்று ஒரே தரத்தில் பல சாறி எடுப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

14. நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் முடிந்த அடுத்த கிழமைதான் உடுப்பு வாங்க நல்ல காலம். மிஞ்சின அளவுகளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்து வைத்தால் அடுத்த விசேஷத்துக்கு ஆகும்.

15. அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு வீடு சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்க. பிளாஸ்ரிக் வாளி, கோப்பை, துவாய், செருப்பு எல்லாம் டசனாக எடுத்தால் கடைக்காரர் தானாகவே மொத்த விலைக்கு வருவார். ஓட்டோக் காசும் நாலாகப் பிரியும்.

16. ஜனவரியில் பாடசாலை தொடங்குமுன் கொப்பி வாங்க எல்லாரும் ஒரே நாளில் ஓடுவார்கள். டிசம்பர் நடுவிலேயே போய், பின்னட்டையில் அடித்த விலையிலிருந்து எத்தனை வீதம் கழிப்பீங்க என்று கேளுங்க. சீ.ஆர். கொப்பியையும் அப்பியாசக் கொப்பியையும் கட்டாக எடுத்தால் கழிவு இன்னும் கூடும். போன வருடக் கொப்பியில் மிஞ்சின வெள்ளைத் தாளைக் கிழித்துத் தைத்தால் வீட்டுக் கணக்குக்கு ஒரு கொப்பி ஆச்சு.

17. கைக்காசு கொடுக்கிறவருக்குக் கழிவு கேட்க உரிமை உண்டு. அட்டையில் கட்டினால் வங்கிக்குக் கடைக்காரர் ஒரு பங்கு கொடுக்கவேண்டும், கைக்காசில் அது மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தில் நமக்கும் ஒரு பங்கு தரலாம்தானே?

18. சில இடங்களில் அட்டையை நீட்டினால் இரண்டு மூன்று வீதம் கூடக் கேட்பார்கள். அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் போடக்கூடாது என்பது மத்திய வங்கியின் நிலைப்பாடு. அந்த அட்டை இயந்திரத்தைக் கொடுத்த வங்கியிடம் முறையிடலாம் என்பதை மரியாதையாகச் சொன்னாலே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

19. நகைக்கடையில் தங்கத்தின் விலை அன்றைய விலைதான், அதில் பேச ஒன்றுமில்லை. பேசவேண்டியது செய்கூலியும் சேதாரமும். "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்காமல், ஒரு பவுண் எட்டு கிராம் என்ற கணக்கில் தங்கத்துக்கு எவ்வளவு, சேதாரம் எத்தனை வீதம், கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்க. எழுதின தாளைப் பார்த்தால்தான் எங்கே குறைக்கலாம் என்று தெரியும். கல் வைத்த நகையென்றால் கல்லின் நிறையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை போடச் சொல்லவேண்டும். பழைய நகை மாற்றுவதானால் பழையதற்கு என்ன விலை என்று முதலில் முடிவெடுங்க. இரண்டையும் கலந்து பேசினால் பழையதில் குறைத்து, புதியதில் கழிவு தந்ததாகக் காட்டுவது சுலபம். பவுண் விற்கிற விலையில், ஒரு வீதச் சேதாரம் குறைந்தாலும் சின்னக் காசல்ல.

20. பிரிட்ஜ், ரீவி, சலவை இயந்திரம் வாங்கும்போது காட்சிக்கு வைத்த சாமான் விற்கிறதா என்று கேளுங்க. கீறல் இருக்கும், ஆனால் உத்தரவாதம் புதியதற்குப் போலவே உண்டு என்று எழுத்தில் வாங்கினால் நல்ல லாபம். ஏற்றிக் கொண்டுவந்து பூட்டித் தருகிற செலவையும் அந்த விலைக்குள்ளேயே அடக்கச் சொல்லுங்க.

21. மாதக் கட்டணத்துக்கு எடுக்குமுன் "கைக்காசுக்கு என்ன விலை?" என்று கேட்டு, கட்டணங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் பெரிதாக இருந்தால், நம்பிக்கையான பெண்களோடு ஒரு சீட்டுப் பிடித்து, உங்கள் முறை வரும்போது காசாகக் கொடுத்து வாங்கலாம்.

22. வீடு கட்டுகிறவர்கள் பெயின்ற்றில் கட்டாயம் கழிவு கேட்கவேண்டும், அதில்தான் முகவருக்கு இடம் இருக்கிறது. சீமெந்தில் அவ்வளவு இராது. அங்கே பட்டா லொறிக் கூலியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க.

23. மீனுக்கு வருவோம். ஆத்து மீன் வாங்குவதானால் விடியற்காலையில், தோணி கரைக்கு வருகிற நேரம் வாவியோரம் போங்க. கைமாறாத மீன், விலையும் சந்தையைவிடக் குறைவாக இருக்கும். செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அமர்த்தினால் பள்ளம் விழாமல் எழும்புகிற மீனாகப் பாருங்க. ஆனால் வாவியோ கடலோ, வலை இழுத்தவரிடம் அதிகம் கறாராகப் பேசவேண்டாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது, இயந்திரப் படகில் கடலுக்குப் போகிறவர்கள் பட்ட பாட்டை நாம் எல்லாரும் பார்த்தோம். "இன்னும் நாலு சூடை கூடப் போடுங்கண்ணன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

24. சந்தையில் மீன் வாங்கினால் நிறுத்த பிறகா வெட்டுகிறார்கள், வெட்டின பிறகா நிறுக்கிறார்கள் என்று கவனியுங்க. பாரை, சூரை துண்டாக வாங்குகிறவர்கள் தலையையும் முள்ளையும் கேட்டால் சில நேரம் சும்மாவே தருவார்கள். புளி கரைத்து ஒரு சொதி வைத்தால் அடுத்த வேளைக் கறிச் செலவு இல்லை.

25. இறாலில் தலையே நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். தலை எடுத்த இறாலின் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தே வாங்குங்க. தலையோடு வாங்கினால் தலையை இடித்துப் பிழிந்து குழம்புக்குச் சேருங்க, காசு வீணாகாது.

26. நண்டை அளவு பார்த்து வாங்காமல் கையில் தூக்கிப் பாருங்க. ஒரே அளவில் எது பாரமோ அதில்தான் சதை. கூறு போட்டு விற்பதில் கால் முறிந்தது இருந்தால் கழிவு கேளுங்க, கறிக்கு அது போதும்.

27. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில் ஊரில் பாதி வீடு மரக்கறிதான். மீனுக்கு ஆள் குறைகிற அந்த நாட்களில் விலை இறங்கியிருந்தால், மச்சம் சமைக்கிற வீட்டார் வாங்கிக் கருவாடு போடலாம். நம் வீட்டில் விரதமென்றால் மரக்கறியைச் சடங்கு தொடங்குமுன்னமே வாங்கி வையுங்க, அந்தக் கிழமையில் கத்தரிக்காய்கூட எட்டாது.

28. வருடத்து அரிசியைப் பெரும்போக அறுவடைக்குப் பிறகு, மாசி பங்குனியில் பார்த்துக்கொள்ளுங்க. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டது. தெரிந்த கமக்காரரிடம் நெல் மூடையாக எடுத்து, காயவைத்து, மில்லில் குற்றினால் தவிடு கோழிக்கு, உமி அடுப்புக்கு. புது அரிசி குழையும் என்பதால் ஒரு மூடையைப் பழசாகவும் வைத்திருங்க. ஓட்டோ பிடித்து ஒரு மூடைக்காகப் போனால் மிச்சம் எல்லாம் ஓட்டோவுக்கே போகும், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து போங்க.

29. தயிர்ச் சட்டியைக் கழுவி அடுக்கிக்கொண்டே போகாமல், "சட்டியைத் திருப்பி எடுப்பீங்களா?" என்று தயிர்க்காரரைக் கேட்டுப் பாருங்க. எடுப்பதானால் அடுத்த சட்டியில் விலை குறையும். எடுக்காவிட்டால் கருவேப்பிலை, பச்சைமிளகாய்க் கன்று நட ஆகும்.

30. தேங்காய் விலை ஏறி நிற்கிற காலத்தில் உரிக்காத தேங்காயைத் தோட்டத்திலேயே பத்தாக, இருபதாக எடுங்க. உரிகூலி மிச்சம், பொச்சும் சிரட்டையும் அடுப்புக்கு ஆகும். குலுக்கிப் பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்பதையே எடுங்க.

31. பின்னேரம் சந்தை கலைகிற நேரம் மரக்கறிக் கூறுகள் மலியும். வாடின கீரை வேண்டாம், ஆனால் தக்காளி, பூசணித் துண்டு, வாழைக்காய் அன்றைக்கோ மறுநாளோ சமைப்பதானால் எடுக்கலாம்.

32. வீட்டு வாசலுக்கு வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டிக் கொண்டுவருகிற ஆச்சியிடம் பேரம் பேசாதீங்க. அவர் சொல்கிற விலையையே கொடுங்க. விடிய எழும்பி ஆய்ந்து, கட்டி, வெயிலில் நடந்து வருகிறவரிடம் பத்து ரூபாய் குறைத்து நாம் எந்தக் கோட்டையும் கட்டப்போவதில்லை. நாளைக்கும் அவர் நம் வீட்டுப் படலையைத் தட்டவேண்டும்.

33. 2025 நவம்பரிலிருந்து கைப்பிடி வைத்த பொலித்தீன் பைக்குக் கடைகளில் காசு எடுக்கிறார்கள். சைக்கிளிலேயே ஒரு பன்பையைக் கொழுவி விடுங்க, மீனுக்கு மூடியுள்ள வாளி ஒன்று. மாதக் கடைசியில் பார்த்தால் மிச்சம் தெரியும்.

34. தராசில் முத்திரை இருக்கா என்று பார்க்கப் பழகுங்க. 1995 ஆம் ஆண்டின் அளவீட்டுச் சட்டப்படி வியாபாரத் தராசுகளை வருடாவருடம் சரிபார்த்து முத்திரை வைக்கவேண்டும். விலையில் கழிவு தந்து நிறையில் அதை எடுத்துக்கொண்டால் நமக்கு என்ன லாபம்?

35. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்க. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. "பில் வேண்டாமெண்டா குறைச்சுத் தாறன்" என்பதில் மயங்கவேண்டாம், பழுதாகிப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. அச்சிட்ட விலைக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

36. அறுபது வயது தாண்டின அம்மா அப்பாவுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுத்துக் கொடுங்க. சில மருந்தகங்களில் அதைக் காட்டினால் கழிவு உண்டு, காட்டாதவருக்கு இல்லை. மாதாமாதம் வாங்குகிற பிரஷர், சீனி வருத்தக் குளிசைக்கு "இதே மருந்து வேறு கம்பனியில குறைஞ்ச விலைக்கு இருக்கா?" என்றும் மருந்தாளரைக் கேளுங்க, டொக்டரிடமும் சொல்லிவிடுங்க.

37. ஓட்டோவில் ஏறுமுன் விலை பேசுங்க, இறங்கின பிறகு பேசினால் சண்டைதான். திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசினால் பெரும்பாலும் குறையும்.

38. ஒரே கடைக்குத் தொடர்ந்து போங்க, கடன் வைத்தால் சொன்ன நாளில் கொடுங்க. அப்படிப்பட்டவருக்குக் கேளாமலே ஒரு விலை உண்டு. புதுச் சரக்கு வந்தால் முதலில் போன் வருவதும் அவர்களுக்குத்தான்.

39. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதானால் வீட்டிலேயே சொல்லி வையுங்க: விலை பேசி முடியும்வரை "அம்மா, இதுதான் வேணும்" என்று சொல்லக்கூடாது. அந்தச் சொல் வந்துவிட்டால் முதலாளி ஒரு ரூபாய்கூட இறங்கமாட்டார். பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அவர்களும் பழகுவார்கள்.

40. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கும் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கும் போடுகிற கடைகளில் முதல் நாளே வாங்காதீங்க. கடைசி நாள், கூடாரம் பிரிக்கிற நேரம், திரும்ப ஏற்றிக்கொண்டு போகிற கூலியை மிச்சம் பிடிக்கப் பாதி விலைக்கும் தருவார்கள். மண்சட்டி, பானை எடுப்பதானால் ஒவ்வொன்றையும் தூக்கி விரல் மொழியால் தட்டுங்க. கணீரென்று கேட்டால் எடுங்க, கரகரத்தால் எவ்வளவு மலிவென்றாலும் கீழே வைத்துவிடுங்க.